அரை மணி ஓடி அணைந்துபோகும் படகு இஞ்சின்: பம்பைக் கழற்றணுமா?

நீரிணைக்காரன்:
வணக்கம். எங்களுடையது 33 அடி பாய்மரப் படகு. மூன்று சிலிண்டர் டீசல் இஞ்சின், 27 குதிரைத்திறன். பினாங்கிலிருந்து லங்காவி வரும் வழியில், புலாவ் பாயார் தீவைத் தாண்டியதும் காற்று செத்துவிட்டது. இஞ்சினைப் போட்டோம். அரை மணி நன்றாக ஓடியது. அப்புறம் சுற்று குறைந்து, ஏறி இறங்கித் திணறி அணைந்தது. கால் மணி கழித்து ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. மறுபடியும் அதே கதைதான். சூடு ஏறவில்லை, இஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) வழியே வழக்கம்போல் வருகிறது, ஃபில்டர் இரண்டும் புதிது. இப்போது லங்காவியின் குவா ஊரில் நங்கூரம் போட்டிருக்கிறோம். இன்ஜெக்‌ஷன் பம்பை, அதாவது சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் பம்பைக் கழற்றணும் என்கிறார் ஒரு மெக்கானிக். செலவை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

பழைய மெக்கானிக்:
பம்பைத் தொடாதீர்கள். அணையும்போது புகை என்ன நிறம்?

நீரிணைக்காரன்:
புகையே இல்லை அண்ணே.

பழைய மெக்கானிக்:
அப்போ டீசல் போய்ச் சேரவில்லை. எக்ஸாஸ்ட் எல்போவில், அதாவது புகைக்குழாயின் வளைவில், கரி அடைத்திருந்தால் கறுப்புப் புகை தள்ளும், ஓய்வு கொடுத்தாலும் சரியாகாது. உங்களுக்கு ஓய்வில் சரியாகிறது, அதுதான் துப்பு. டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்கு வெளிக்காற்று வரணும். வென்ட் குழாய் அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் கூடி, டேங்கிலிருந்து டீசலை எடுக்கும் லிஃப்ட் பம்பால் இழுக்க முடியாது. நிறுத்தினால் மெல்லக் காற்று கசிந்து ஏறும், மறுபடி ஓடும். இல்லையென்றால் டேங்குக்குள் உறிஞ்சுகுழாய் வாயில் கசடு ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்சல் நின்றதும் அது விழுந்துவிடும்.

எது என்று பார்க்கக் காசு வேண்டாம். திணறத் தொடங்கும்போது டீசல் ஊற்றும் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்றை இழுத்தால் வென்ட். சத்தமில்லாமல் அணைந்தால், ஜெர்ரி கேனில் நல்ல டீசல் வைத்து, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் குழாய் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்க் பக்கம்தான்.

கடலக்கா:
இடையில் ஒன்று. ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். இஞ்சினைக் குளிர்விக்கும் பம்ப் கடல்நீரை அனுப்பிக்கொண்டே இருக்கும், அதை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் வாயு இருக்காது. சைலென்ஸர் நிரம்பி சிலிண்டருக்குள் ஏறிவிடும். அந்த நேரம் கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடி வையுங்கள், இஞ்சின் பிடித்த உடனே திறங்கள். மறந்தால் அந்தப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் போச்சு.

நீரிணைக்காரன்:
மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று இழுத்தது, சுற்றும் தானாக ஏறியது! படகின் பின்பக்கம் வென்ட் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. குழாயை டேங்க் பக்கம் கழற்றி, அங்கிருந்து வெளிப்பக்கமாக ஊதித் தள்ளினேன். மதியம் முழுக்க ஓட்டியும் அணையவில்லை. ஆனால் ஃபில்டர் கிண்ணத்தில் கறுப்பாக, வழுவழுவென்று ஏதோ நிற்கிறதே?

பழைய மெக்கானிக்:
அது நுண்ணுயிர். டேங்கின் அடியில் தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் வளரும். லங்காவி எண்ணெய் நிலையங்களில் 2020 முதல் பி20, பாமாயிலில் செய்த பயோடீசல் கலந்தது. சாதா டீசலைவிட அது ஈரத்தை அதிகம் பிடிக்கும், பழைய கசடையும் கரைத்துக் கிளப்பும். எடுத்தவுடன் நுண்ணுயிரைக் கொல்லும் மருந்து ஊற்றாதீர்கள், செத்ததெல்லாம் ஃபில்டருக்குத்தான் வரும். முதலில் டேங்க் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுங்கள், கை நுழையும் திறப்பு இருந்தால் துடைத்தும் விடுங்கள். மருந்து அதற்கப்புறம். ஃபில்டர் நாலைந்து கையிருப்பில் வையுங்கள். வென்ட் வாயில் துருப்பிடிக்காத சன்ன வலை ஒன்று மாட்டுங்கள். குளவி திரும்ப வரும்.