டேபிள் கிடைத்தாச்சு (குழு: தாத்தா வீடு)

மீனா: எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் சென்னை காமிக் கான் விழாவில், ஓவியர்கள் தாங்கள் வரைந்ததை விற்கும் ஆர்ட்டிஸ்ட் ஆலியில் எனக்கு ஒரு டேபிள் கிடைத்திருக்கிறது! நந்தம்பாக்கம் டிரேடு சென்டர்.

லதா: மெயில் வந்ததிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. தேவி, நீ பெங்களூரில் நாலு வருஷமாக டேபிள் போடுகிறாய், இவளுக்குக் கொஞ்சம் சொல்லேன்.

தேவி: ரொம்ப சந்தோஷம் மீனா! 2024-இல் சென்னைக்கு முதல்முறை காமிக் கான் வந்தபோதே நம் வீட்டிலிருந்து ஒருத்தர் அங்கே உட்கார வேண்டும் என்று நினைத்தேன். சரி, என்னென்ன வைக்கப் போகிறாய்?

மீனா: நான் வரைந்த ‘மொட்டைமாடிக் காகம்’ காமிக்ஸ் கதை, 22 பக்கப் புத்தகம். அப்புறம் ஏ4 பிரின்ட், ஸ்டிக்கர். புத்தகத்துக்கு 60 ரூபாய் போதும் இல்லையா அக்கா? புது ஆள்தானே நான்.

தேவி: 60 வேண்டவே வேண்டாம். முதல் வருஷம் நான் செய்த தப்பு அதுதான். ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 52, விலை 60. 100 பிரதியும் விற்றுத் தீர்ந்தது. கையில் நின்றது 800 ரூபாய். ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்குமே அது போதவில்லை, டேபிள் வாடகை முழுக்க என் கைக்காசு. ஞாயிறு ராத்திரி நோட்டில் கூட்டிப் பார்த்து அழுதுவிட்டேன்.

தேவி: அதற்கப்புறம் அச்சுச் செலவைப் போல மூன்று மடங்குதான் விலை. ஒரு பங்கு அடுத்த அச்சுக்கு, ஒரு பங்கு வாடகைக்கும் பயணத்துக்கும், ஒரு பங்கு உனக்கு. அந்த 22 பக்கம் வரைய எத்தனை நாள் ஆயிற்று?

மீனா: நாலு மாதம் அக்கா.

தேவி: அப்படியானால் 150 வை. விலை கேட்டால் முகத்தைப் பார்த்துச் சொல். “கம்மி பண்ணிக்கலாம்” என்று நீயே ஆரம்பிக்காதே.

சேகர்: பிரஸ்ஸில் வேலையாக இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் சென்டர் பின் புத்தகத்தில் பக்கம் நாலின் மடங்காகத்தான் வரும் மீனா. 22 ஆகாது, 20 அல்லது 24. எத்தனை பிரதி?

மீனா: 500 போட்டால் விலை குறையுமே மாமா?

சேகர்: குறையும். ஆஃப்செட் அச்சில் பிளேட் என்கிற அச்சுத் தகட்டுச் செலவு 50 பிரதிக்கும் 500-க்கும் ஒன்றுதான். ஆனால் விற்காத 400 கட்டிலுக்கு அடியில் கிடந்தால் அதுவும் உன் பணம்தானே? முதல் தடவை பிளேட் இல்லாத டிஜிட்டல் அச்சில் 80 போடு. ஸ்டிக்கரை 13-க்கு 19 அங்குல ஷீட்டில் நெருக்கி அடுக்கு. ஷீட்டுக்குத்தான் காசு.

மீனா: அனிமே கதாபாத்திரங்களை வரைந்து வைத்தால் சீக்கிரம் விற்கும் என்கிறார்கள் தோழிகள்.

தேவி: விற்கும். ஆனால் இன்னொருவர் உருவாக்கியதை அனுமதியில்லாமல் விற்றால் பதிப்புரிமை மீறல். 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் நமக்கும் பொருந்தும். வாங்குகிறவரும் அந்தக் கதாபாத்திரத்துக்காகத்தான் வாங்குகிறார், உன் பெயரைப் பார்ப்பதுகூட இல்லை. போன வருஷம் ஒரு பையன் என் ஆட்டுக்குட்டி ஸ்டிக்கரைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி 40 கொடுத்தான். மறுநாள் அவன் அக்காவோடு வந்து அந்த ஆட்டுக்குட்டி வரும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். உன் காகம் அப்படி ஆள் சேர்க்கும்.

லதா: நான் கூட உட்காரவா?

தேவி: கட்டாயம் வாங்க சித்தி. தனியாக இருந்தால் பாத்ரூம்கூடப் போக முடியாது. ஆனால் சொந்தக்காரர்கள் வந்தால் சும்மா எடுத்துக் கொடுத்துவிடாதீங்க. எது எத்தனை போனது என்று நோட்டில் கோடு போடுங்க, அடுத்த தடவை என்ன அச்சடிப்பது என்று அந்தக் கோடுதான் சொல்லும்.

லதா: சரிம்மா, கணக்கு என் பொறுப்பு.

தேவி: மீனா, எல்லாவற்றையும் டேபிளில் படுக்கவைக்காதே. கூட்டத்தில் நடக்கிறவர் கண்ணுக்கு டேபிள் தெரியாது, கண் உயரத்தில் இருப்பதுதான் தெரியும். ஒரு கம்பிவலை வாங்கி நிறுத்தி, கிளிப்பில் பிரின்ட்டை மாட்டு. ஒவ்வொன்றிலும் விலை எழுது, பாதிப் பேர் கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுவார்கள். ஜிபே கியூஆரைப் பெரிதாக ஒட்டு. கூட்டம் கூடினால் உள்ளே நெட் இழுக்கும், அதனால் சில்லறையும் வை.

சேகர்: வியாழனுக்குள் ஃபைல் அனுப்பு. நாலு ஓரத்திலும் 3 எம்எம் பிளீடு விடு, அதாவது வெட்டும் கோட்டைத் தாண்டியும் படம் போகட்டும். முதலில் மாதிரிக்கு ஒரு டம்மி பிரதி அடித்துத் தருகிறேன், கையில் பார்த்துவிட்டு மற்றதை ஓட்டலாம்.

மீனா: சரி மாமா, 24 ஆக்கிவிடுகிறேன். மீதி இரண்டு பக்கத்தில் என்ன போடட்டும் அக்கா?

தேவி: ஒன்றில் உன் பெயர், மெயில், இன்ஸ்டா. இன்னொன்றில் அடுத்த கதையின் முதல் பக்கம்.

மீனா: அடுத்தது தண்ணீர்த் தொட்டிப் பூனை. இன்றைக்கே பென்சில் போட ஆரம்பிக்கிறேன்.