பொது ரன்னரில் டெஸ்ட் ஜாப் பாதியில் விழுகிறது, ரீட்ரை கொடுத்தால் ஓடுகிறது

பில்ட்பாண்டி: வணக்கம். எங்கள் பொது ரன்னரில் (எல்லா டீம்களின் பில்ட், டெஸ்ட் ஜாப்களையும் ஓட்டும் நிரல்) எல்லாரும் கோடைப் புஷ் செய்யும் நேரத்தில் மட்டும் டெஸ்ட் ஜாப் விழுந்துவிடுகிறது. ரீட்ரை கொடுத்தால் பாஸ். கோடில் எதுவும் மாறவில்லை. இன்று ரிலீஸ், அவசரம்.

லாக்_வாசகி: எந்த ரன்னர்? ஜாபைத் தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கர் எக்ஸிகியூட்டரா, நேராக மெஷினில் ஓட்டும் ஷெல்லா? எத்தனை கோர், எவ்வளவு ரேம்? விழுந்த ஜாபின் கடைசி வரிகளையும் போடுங்கள்.

நிலா_டெவ்: டிஸ்க் நிறைந்திருக்கும். பழைய டாக்கர் இமேஜ்களை அழித்துப் பாருங்கள். எங்களிடம் எப்போதும் அதுதான் காரணம்.

லாக்_வாசகி: டிஸ்க் நிறைந்திருந்தால் ரீட்ரையும் விழ வேண்டுமே?

பழைய_அட்மின்: ஆவணத்தைப் படிக்காமல் பொது ரன்னர் நடத்த வரக்கூடாது. கான்கரண்ட் என்பது அந்த ரன்னர் மொத்தமாக ஒரே நேரத்தில் எடுக்கும் ஜாப்களின் உச்சவரம்பு. லிமிட் என்பது கான்ஃபிகில் உள்ள ஒவ்வொரு ரன்னர் பகுதிக்கும் தனித்தனி; 0 என்றால் அந்தப் பகுதிக்கு வரம்பில்லை. இந்த அடிப்படையைத் தெரிந்துகொண்டு கான்ஃபிகைப் போடுங்கள், பார்க்கலாம்.

பில்ட்பாண்டி: கிட்லேப் ரன்னர், டாக்கர். 8 கோர், 16 ஜிபி. கோருக்கு ஒன்று என்று கான்கரண்ட் 8. மெமரி வரம்பு கொடுக்கவில்லை. பில்ட் கருவி மேவன், ஜாவா 17. டெஸ்டுக்காகத் தனியாகக் கிளப்பிய (ஃபோர்க் செய்த) ஜாவா விஎம் முறையாக முடியாமல் நின்றுவிட்டது என்று மேவனின் டெஸ்ட் ப்ளகினான ஷ்யூர்ஃபயர் சொல்கிறது. எக்ஸிட் கோட் 1.

நிலா_டெவ்: 137 இல்லையே, மெமரி தீர்ந்து கொல்லப்பட்டால் அதுதானே வரும். அப்படியானால் மெமரி பிரச்சினை இல்லை.

கர்னல்_கதிர்: அப்படி முடிவு கட்ட முடியாது. கன்டெய்னரின் முதன்மை ப்ராசஸ் கொல்லப்பட்டால்தான் பொதுவாக 137 தெரியும். இங்கே ரேம் தீர்ந்ததும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கொல்வது ஷ்யூர்ஃபயர் கிளப்பிய குழந்தை ப்ராசஸை. மேவன் உயிரோடு இருந்து, "பில்ட் தோல்வி" என்று 1 கொடுத்துவிட்டு முடிகிறது. ஹோஸ்டின் (கன்டெய்னர்கள் ஓடும் மெஷின்) கர்னல் லாகில் அவுட் ஆஃப் மெமரி வரி இருக்கிறதா பாருங்கள்.

கணக்கும் ஒத்துப்போகிறது. வரம்பு கொடுக்காத கன்டெய்னரில் ஜேவிஎம் (அதே ஜாவா விஎம்) பார்ப்பது ஹோஸ்டின் முழு 16 ஜிபி. அதில் கால் பங்கு, அதாவது 4 ஜிபி வரை ஹீப் (ஜாவா தன் தரவை வைக்கும் மெமரி) வளர விடும். ஒரு ஜாபில் மேவன் ஒரு ஜேவிஎம், டெஸ்ட் இன்னொன்று. எட்டு ஜாப் சேர்ந்தால் 16 ஜிபி எந்த மூலைக்கு? கோரை எண்ணி கான்கரண்ட் வைக்காதீர்கள். கனமான ஜாப் உச்சத்தில் எவ்வளவு ரேம் எடுக்கிறது என்று அளந்து, ஹோஸ்டுக்கு 2 ஜிபி ஒதுக்கி, மீதியை அதால் வகுங்கள்.

நிலா_டெவ்: ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடம்) கூட்டினால் போதாதா?

கர்னல்_கதிர்: ஜாப் சாகாது, ஆனால் ஊர்ந்து போய் டைம்அவுட்டில் விழும்.

பழைய_அட்மின்: சிபியுவுக்கும் வரம்பு போடுங்கள். இல்லையென்றால் ஒரே டீம் மெஷினை விழுங்கிவிடும்.

லாக்_வாசகி: இதை ஏற்க மாட்டேன். சிபியு பற்றாவிட்டால் ஜாப் மெதுவாகும், அவ்வளவுதான்; மெமரி பற்றாவிட்டால் செத்துப்போகும். கடின வரம்பு போட்டால் மற்ற கோர்கள் சும்மா கிடக்கும்போதும் ஜாப் காத்திருக்கும். சிபியு ஷேர்ஸ் கொடுத்தால் நெருக்கடி வரும்போது மட்டும் பங்கு பிரிக்கும்.

பழைய_அட்மின்: டைமிங் பார்க்கும் டெஸ்ட்களை நடத்தியிருந்தால் இப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஒரு நாள் வேகம், மறுநாள் மந்தம் என்றால் எந்த டெஸ்டையும் நம்ப முடியாது.

லாக்_வாசகி: அந்த டெஸ்ட்களுக்குத் தனி டேக், தனி ரன்னர் கொடுங்கள். எல்லாருடைய பில்டையும் ஏன் நிறுத்தி வைக்க வேண்டும்?

பில்ட்பாண்டி: கர்னல் லாகில் ஜாவாவைக் கொன்ற வரிகள் வரிசையாக இருக்கின்றன. கான்கரண்ட் 3, ஜாபுக்கு மெமரி 4ஜி. இப்போது விழவில்லை. க்யூ மட்டும் நீளுகிறது. நன்றி, ரிலீஸுக்குப் போகிறேன்.

கர்னல்_கதிர்: ஒரு நிமிடம். 4ஜி வரம்புக்குள் ஒவ்வொரு ஹீப்பும் இயல்பாக 1 ஜிபியில் நின்றுவிடும். பெரிய டெஸ்டில் ஜாவாவே ஹீப் போதவில்லை என்று சொல்லும். டெஸ்ட் ஜேவிஎம்முக்கு மட்டும் ஷ்யூர்ஃபயரின் ஆர்க்லைன் அமைப்பில், ரேமில் ஹீப்பின் உச்சப் பங்கைச் சொல்லும் மேக்ஸ்ரேம்பெர்சென்டேஜை 50 என்று வையுங்கள். லின்ட் (கோடை ஓட்டாமலே பிழை பார்ப்பது) மாதிரிச் சின்ன ஜாப்களுக்கு வேறு ரன்னர் பதிந்தால் க்யூ குறையும். உச்ச மெமரியை அளந்தீர்களா?