மாரிமழையில் நைத்திரேற்று குறையாதது ஏன்?

உப்புவெளி வாசகர்:
வணக்கம். உப்புவெளியில் ஒரு விடுதியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பராமரித்து வருகிறேன். காற்றூட்டும் தாங்கியில் அமோனியா முழுவதும் நைத்திரேற்றாக மாறிவிடுகிறது. அந்நீரில் ஒரு பகுதியை ஒட்சிசனற்ற முன்தாங்கிக்குத் திருப்பி அனுப்பியும், வடகீழ்ப் பருவமழை தொடங்கியதிலிருந்து வெளியேறும் நீரில் நைத்திரேற்று குறையவில்லை. அடையல் தாங்கியில் மட்டும் கபில நிறக் கசடு, சிறு குமிழிகளுடன் கட்டிகட்டியாக மேலெழுந்து மிதக்கிறது. மழைக்குளிரில் பற்றீரியாக்கள் தளர்ந்துவிட்டனவா? இந்நீர் கடைசியில் கடலைத்தான் சேரும் என்பதால் இப்படியே விட மனம் வரவில்லை.

முதற் பதில்:
குளிர் காரணமாக இராது. வெப்பநிலை 10 பாகை இறங்கினால்தான் நைதரசனிறக்கத்தின், அதாவது பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி அகற்றும் செயலின், வேகம் ஏறத்தாழப் பாதியாகும். திருகோணமலையின் மாரியில் அவ்வளவு இறக்கம் ஏது? நீங்கள் கண்ட மிதக்கும் கசடுதான் முக்கியமான தடயம். அடையல் தாங்கியின் அடியில் ஒட்சிசன் தீர்ந்ததும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்குகின்றன. அந்த வாயுதான் கசடைத் தூக்குகிறது. ஆகவே அவை நலமாகவே உள்ளன. வேலை நடக்க வேண்டிய முன்தாங்கியில்தான் அதற்கேற்ற சூழல் இல்லை. கரைந்த ஒட்சிசன் லீற்றருக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டினாலே பற்றீரியாக்கள் நைத்திரேற்றை விட்டு ஒட்சிசனைச் சுவாசிக்கத் தொடங்கிவிடும். குழாய்களில் புகும் மழைநீரும், காற்றூட்டலிலிருந்து திரும்பும் நீரும் ஒட்சிசனைக் கொண்டுவந்து, இவ்வேலைக்குப் பற்றீரியாக்களின் உணவாக வேண்டிய, கழிவிலுள்ள காபனையும் வீணே எரித்துவிடுகின்றன. முன்தாங்கியின் அடியிலும் திருப்பு குழாயின் வாயிலும் ஒட்சிசனை அளந்து பாருங்கள்.

இரண்டாம் பதில்:
காபனையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு கிராம் நைத்திரேற்று நைதரசனை அகற்றக் கொள்கையளவில் 2.86 கிராம் இரசாயன ஒட்சிசன் தேவைக்குச் (சேதனப் பொருளை இரசாயன முறையில் முழுதாக ஒட்சியேற்ற வேண்டிய ஒட்சிசனின் அளவு) சமமான சேதனப் பொருள் போதும். கலங்களின் வளர்ச்சியையும் சேர்த்தால் நடைமுறையில் 4 கிராமுக்கு மேல் வேண்டும். மழைநீர் கலந்து ஐதான கழிவில் அது கிடைப்பது அரிது. ஆயினும் மெதனோலையோ சீனிக் கரைசலையோ இப்போதே ஊற்றாதீர்கள். ஒட்சிசன் இருக்கும்வரை அதுவும் எரிந்தே போகும். முதலில் இரவில் காற்றூட்டலைக் குறைத்து, திருப்பும் அளவையும் சற்றுக் குறைத்துப் பாருங்கள். பீஎச் 7க்கும் 8க்கும் இடையில் இருக்கட்டும். அமிலத்தன்மை கூடினால் தாக்கம் பாதியில் நின்று, பைங்குடில் வாயுவான நைதரசு ஒட்சைட்டு வெளியேறும்.

மூன்றாம் பதில்:
மிஞ்சிய நைத்திரேற்று கரையோரக் கண்டற் சேற்றில் கழிந்துவிடும் என்று கடலை நம்பி விட்டுவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தம்பலகாமம் குடா போன்ற ஆழமற்ற கடனீரேரிகளின் சேற்றிலும் நைதரசனிறக்கம் நடக்கும். ஆனால் கடல்நீரின் சல்பேற்றிலிருந்து சல்பைட்டு உருவாகும் கரிய சேற்றில், நைத்திரேற்றின் ஒரு பங்கு வாயுவாகாமல் மீண்டும் அமோனியாவாக மாறி, அல்காக்களுக்கு உரமாக நீரிலேயே தங்கிவிடுகிறது.