பாறை, கனிமம் பற்றித் தமிழில் இலவசப் பாடங்கள் தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் இருக்கிறோம், மகள் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை வீட்டிலிருந்தே படிக்கிறாள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) செயல்விளக்கங்கள், அதாவது கணினியிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகள், தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், மழை பிடித்தால் சிக்னல் போய்விடுகிற எங்களுக்கு அது பெரிய உதவி. வீட்டில் கிடைக்கும் பொருளில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் வீடியோக்களைப் பார்த்தும் நிறையச் செய்கிறாள்.

ஆனால் பாறை, கனிமம் பற்றித்தான் தமிழில் ஒன்றும் சிக்கவில்லை. சேலம் மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட் கனிமம்) துண்டு ஒன்றில் வினிகர் விட்டாள், அப்படியே கிடந்தது. முட்டை ஓட்டில் விட்டதும் குமிழ் வந்தது. இரண்டும் கார்பனேட் தானே, ஏன் இப்படி என்கிறாள். மேக்னசைட் சூடான அமிலத்தில்தான் நன்றாக நுரைக்கும் என்பது வரை சொன்னேன், அடுத்த கேள்விக்கு என்னிடம் சரக்கு இல்லை.

வீடியோ, பிடிஎஃப் எதுவானாலும் சரி. அப்புறம், நிலவியல் படித்தவர்கள் சேலம் பக்கம் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், கல்லோடு வந்து பார்க்கிறோம்.