சுங்குடியில் கோ-ஆர்ட் செட்: மதுரையில் யார் தைப்பாங்க?

மதுரையில இருந்துக்கிட்டே சுங்குடிக்கு அலையுறேன்னா சிரிப்பீங்க. புடவை இல்லைங்க. கையால முடிச்சுப் போட்டு, சாயம் ஏத்திப் புள்ளி எடுத்த அசல் சுங்குடியில கோ-ஆர்ட் செட் வேணும்: ஒரே துணியில இடுப்புக்குக் கீழ வர்ற சட்டை, பாக்கெட் வச்ச லூஸ் பேன்ட். மார்பளவு 44, அரக்குச் சிவப்பு, பட்ஜெட் 3,000. அடுத்த மாசம் 12ஆம் தேதி தோழிக்கு வளைகாப்பு.

ஆன்லைன்ல ரெண்டு தடவை வாங்கினேன், ரெண்டும் பிரிண்ட். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு வட்டம்! முடிச்சுப் போட்டதுன்னா கோணல்மாணலா இருக்கும், தொட்டா லேசா சுருக்கம் தட்டும். விளக்குத்தூண் பக்கம் கேட்டா புடவையைத்தான் விரிக்கிறாங்க. சரி, புடவையையே வெட்டிடலாம்னா எங்க டெய்லரக்கா "பார்டர் வீணாப்போகும்மா, நான் கத்திரி வைக்க மாட்டேன்"னுட்டாங்க.

சுங்குடிப் புடவையை வெட்டி இப்படி செட் தைச்சுத் தர்ற டெய்லர் மதுரையில யாருங்க?