முதியோர் இல்லத்துக்குப் பிள்ளைகள் செய்யும் கிறிஸ்துமஸ் அட்டைகள்: அப்படியே கொடுப்பதா, விற்றுப் பணமாகக் கொடுப்பதா?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் ஓய்வுநாள் பள்ளி (ஞாயிறு வேதப் பள்ளி) ஆசிரியையாக இருக்கிறேன். இந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பிள்ளைகள் தங்கள் கையாலேயே வாழ்த்து அட்டைகள் செய்து, பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். பிள்ளைகள் ஏறக்குறைய 40 பேர். ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு, ஒன்பதாம் வகுப்புப் படிப்பவரும் உண்டு. பெரியவர்கள் 60 பேர்.

சபை மூப்பர் ஒருவர், "அட்டையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? ஆராதனை முடிந்ததும் சபையாரிடம் ஓர் அட்டை 50 ரூபாய் என்று விற்று, வருகிற பணத்துக்குப் போர்வை வாங்கிக் கொடுக்கலாமே" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால், நன்றாக வரையத் தெரிந்த நான்கைந்து பிள்ளைகளின் அட்டைகளைத்தான் எல்லாரும் தேடி எடுப்பார்கள். சின்னக் குழந்தை வரைந்த கோணல் நட்சத்திரம் மேசையிலேயே கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு அந்தக் குழந்தையும் பக்கத்திலேயே நிற்கும் என்பதுதான் என் கவலை.

இல்லத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அட்டையில் என்ன எழுதுவது பொருத்தமாக இருக்கும்? செய்முறையைப் பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். டிசம்பர் மழையில் பூசிய வண்ணம் லேசில் காய்வதில்லை.

வரவுசெலவு:

மூப்பர் சொல்வதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட வேண்டாம், சகோதரி. அச்சிட்ட கிறிஸ்துமஸ் அட்டை தொடக்கத்திலிருந்தே விற்பனைப் பொருள்தான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்கெல்லாம் தனித்தனியே கடிதம் எழுத நேரமில்லாமல், ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஓர் அட்டை வரைந்து வாங்கி அச்சிட்டார். அட்டை ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்ற விலையில் அவை விற்கப்பட்டன. கூலி வேலை செய்பவர் வாங்கக்கூடிய விலை அல்ல அது. அந்த அட்டையின் நடுவே ஒரு குடும்பம் மதுக்கிண்ணம் ஏந்தி நிற்கும். இரு ஓரங்களிலும் ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுக்கும் காட்சிகள் இருக்கும். (சிறு குழந்தைக்கும் ஒரு மிடறு ஊட்டுவதுபோல வரைந்துவிட்டதால், மதுவிலக்குக்காரர்கள் கொதித்தெழுந்தது தனிக்கதை.)

நம் நாட்டிலும் 1979இல் மும்பையில் ரிப்பன் கபூர் நண்பர்களோடு தொடங்கிய கிரை அமைப்பு, குழந்தைகள் நலனுக்கான நிதியை வாழ்த்து அட்டை விற்றுத்தான் பல காலம் திரட்டியது. வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டுகிறவர்கள் எரிக் ஸ்டெக்மன் தலைமையில் 1956இல் லிக்டன்ஸ்டைனில் தொடங்கிய சங்கம், 'எங்கள் உழைப்புக்கு விலை கொடுங்கள், இரக்கம் வேண்டாம்' என்ற கொள்கையில்தான் இன்றும் நடக்கிறது. விற்பதால் அட்டையின் அன்பு குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கவலைக்கும் வழி இருக்கிறது. எல்லா அட்டைகளையும் உறையில் போட்டு மூடி, உள்ளே யார் வரைந்தது என்று தெரியாதபடி ஒரே விலைக்கு விற்றுவிடுங்கள். கோணல் நட்சத்திரம் மூப்பர் கைக்கே போய்ச் சேர்ந்தாலும் சேரும்.

இரவுப்பணி:

வேறொரு மாவட்டத்தில் முதியோர் இல்லம் ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். உங்கள் பக்கத்து இல்லத்தில் நிலைமை வேறாக இருக்கலாம் என்பதால், என்ன தேவை என்று அங்குள்ள பொறுப்பாளரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு டிசம்பரில் போர்வையும் கேக்கும் வைக்க இடமில்லாத அளவுக்கு வந்து குவியும். 24, 25 தேதிகளில் வாசலில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஜனவரி பத்தாம் தேதிக்கு மேல் எட்டிப் பார்க்க ஆள் இருக்காது. வருகிற குழுவினரில் பலர் போர்வையைப் பெரியவரின் கையில் பாதியும் தங்கள் கையில் பாதியுமாகப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து முடிந்த பிறகுதான் விடுவார்கள். உங்கள் பிள்ளைகளை அந்தப் பழக்கத்துக்கு ஆளாக்கிவிடாதீர்கள்.

இல்லத்துக்கு வருகிற பொருள் எல்லாம் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வருகிறது. தன் பெயரைப் போட்டு வருகிற ஒரு பொருள்தான் அங்கே அபூர்வம். ஆகவே பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே வாங்கி, எப்படி அழைத்தால் அவர்களுக்குப் பிடிக்கும் என்பதையும் கேட்டுக்கொண்டு, 'அன்புள்ள செல்லம்மாள் ஆச்சிக்கு' என்று ஒவ்வோர் அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிள்ளை தன் பெயர், வகுப்பு, தனக்குப் பிடித்த ஒன்று ஆகியவற்றைச் சேர்த்து எழுதட்டும். பேச்சைத் தொடங்க அது போதும். மற்றச் சமயத்தவருக்கு வேத வசனம் எழுத வேண்டிய கட்டாயமில்லை. 'எங்கள் பண்டிகையின் சந்தோஷத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்' என்றால் எவருக்கும் மனத்தாங்கல் வராது; பொங்கலுக்கு அவர்களே உங்களுக்கு வாழ்த்துச் சொல்வார்கள்.

கண்புரை உள்ளவர்கள் அதிகம் என்பதால் எழுத்து கட்டைவிரல் நகத்தின் உயரத்துக்காவது இருக்க வேண்டும். வெளிர் தாளில் கறுப்பு மை நல்லது. பச்சைத் தாளில் சிவப்பு மை பண்டிகைக்கு அழகுதான், ஆனால் அவர்களால் வாசிக்க முடியாது. ஜிகினாத் தூள் அறவே வேண்டாம். அது படுக்கையில் உதிர்ந்து, கையில் ஒட்டி, கையிலிருந்து கண்ணுக்குப் போய்விடும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகளே பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி தன் அட்டையை வாசித்து முடித்ததும், எங்கள் பாட்டி ஒருவர், "இந்தப் பிள்ளைக்கு நான் என்னத்தக் கொடுப்பேன்" என்று பதறி, அலமாரியைத் திறந்து சேலை மடிப்புகளுக்கிடையே தேடி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டே இருப்பது அவர்களுக்குப் பெரிய பாரம். உங்களால் முடிந்தால், ஒன்றும் எழுதாத அட்டைகள் கொஞ்சம் கொண்டுபோய், அவர்கள் யாருக்கு அனுப்ப விரும்புகிறார்களோ அவர்களுக்கு, அவர்கள் சொல்லச் சொல்லப் பெரிய பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

வண்ணக்கட்டி:

ஓவிய ஆசிரியன் என்ற முறையில் செவிலியர் அம்மா சொன்ன கடைசி யோசனையைத்தான் நான் முதலில் வைப்பேன். யுனிசெஃப் 1949இல் வெளியிட்ட முதல் வாழ்த்து அட்டைக்குப் படம் வரைந்தவர் ஓவியர் எவரும் அல்லர். போரில் சிதைந்து, யுனிசெஃபின் உதவியைப் பெற்ற செக்கோஸ்லோவாகியக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி ஜிட்கா சம்கோவா, தாள் கிடைக்காமல் கண்ணாடித் துண்டின் மேல் வரைந்து அனுப்பிய நன்றிப் படம் அது. உதவி பெற்றவர் திருப்பிக் கொடுத்ததுதான் அங்கே அட்டையாயிற்று. விற்பனைக்கு உதாரணம் காட்டிய நண்பர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி செய்முறை. கடையில் கிடைக்கும் 22க்கு 28 அங்குல சார்ட் அட்டையை, 28 அங்குலப் பக்கத்தை நான்காகவும் மற்றதை இரண்டாகவும் வெட்டினால், 7க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் சேதாரமில்லாமல் கிடைக்கும். மடித்தால் மேசையில் நிற்கக்கூடிய நல்ல அளவு. மடிக்கும் இடத்தில் அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுத்துவிட்டு மடித்தால் விளிம்பு வெடிக்காது. போஸ்டர் கலரை அந்தக் கோட்டின் மேல் பூசவே கூடாது. காய்ந்த பிறகு பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

சின்னக் குழந்தைகளுக்கு வெண்டைக்காய்தான் சிறந்த அச்சு. சற்று முற்றிய காயைக் காம்புப் பக்கமாகக் குறுக்கே நறுக்கி, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, கெட்டியான வண்ணத்தைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி அதில் தொட்டு வைத்தால், ஐந்து முனை நட்சத்திரம் விழும். ஐந்து வயதுக் குழந்தை வைத்தாலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர் வைத்தாலும் ஒரே நட்சத்திரம்தான் என்பதால், கோணல் என்ற பேச்சே எழாது. வண்ணத்தில் தண்ணீரைக் குறைத்தால் மழை நாளிலும் மின்விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிடும். இன்னும் கொஞ்சம் மெனக்கெட முடியுமானால், மணப்பாட்டுப் பெண்கள் முடைவதுபோலப் பனையோலையில் சிறு நட்சத்திரம் முடைந்து முகப்பில் ஒட்டலாம். அது நம் ஊர்ப் பொருள்.

வரவுசெலவு:

செவிலியர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு, இந்த இல்லத்தைப் பொறுத்தவரை நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் வெளியூருக்கு அட்டை அனுப்புவதென்றால் உறைக்கும் அஞ்சல்தலைக்கும் பணம் வேண்டுமே? இங்கேதான் விற்பனை உதவும். பிள்ளைகள் சில அட்டைகளைக் கூடுதலாகச் செய்து சபையில் விற்றால் அந்தச் செலவு கழிந்துவிடும். எடையையும் கவனியுங்கள். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) அட்டையில் 7க்கு 11 அங்குலத் துண்டு ஏறக்குறைய 10 கிராம் வரும். உறையைச் சேர்த்தாலும் 20 கிராமுக்குள் அடங்கும். மணியும் லேஸ் நாடாவும் ஒட்டினால் அடங்காது, தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருக்கும்.

பொருநைக்கரை:

எல்லாருக்கும் மிக்க நன்றி. மூப்பரிடம் பேசினேன், அஞ்சல் செலவுக்கு மட்டும் மூடிய உறையில் விற்பது என்று சொன்னதும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, முதல் உறையைத் தாமே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டார். பெயர்ப் பட்டியலும் கிடைத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் ஒரு தயக்கம் வந்தது. தாங்கள் பெற்ற பிள்ளைகளின் முகவரியே தெரியாதவர்களும், அனுப்புவதற்கு யாருமே இல்லாதவர்களும் அங்கே சிலர் இருக்கிறார்கள். வெற்று அட்டையை நீட்டினால் அவர்கள் மனம் புண்படாதா?

இரவுப்பணி:

'ஊருக்கு யாருக்கு அனுப்ப வேண்டும்' என்று கேட்காமல், 'யாருக்குக் கொடுக்க ஆசை' என்று மட்டும் கேளுங்கள். பக்கத்துக் கட்டில்காரர், சமையல் அக்கா, மாத்திரை கொடுக்கும் பெண், பால் ஊற்ற வருகிறவர் என்று அவர்களுக்கும் ஆட்கள் உண்டு. தபாலில் போகாத அட்டைகளுக்கு உறை மட்டும் போதும். ஆளுக்கு ஒன்று என்று எண்ணிக் கொண்டுபோகாமல், கொஞ்சம் தாராளமாகவே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.