ஆயிரம் கோடி எத்தனை டன்?

வாட்ஸ்அப் குழு: சேலம் செவ்வாய்ப்பேட்டை பெரிய குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

நிவேதா: நானும் அப்புவும் "திருடா திருடா" போட்டோம். நான் முழுசா பாத்தது இதான் முதல் தடவை. 1993 படம் மாதிரியே தெரியலை, அவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு! பெரியவங்க எல்லாம் அப்போ தியேட்டர்ல பாத்தீங்களா?

அப்பு: முடிவை யாரும் சொல்லக்கூடாது. நான் பாதியில தூங்கிட்டேன். மிச்சம் நைட்டு பாப்பேன்

மல்லிகா அத்தை: தூங்கிட்டியா?? அந்தப் படத்துல எங்கடா தூங்க விடறாங்க, ஓடிக்கிட்டேல்ல இருப்பாங்க

மல்லிகா அத்தை: அந்த வருசம் தீபாவளி ரிலீஸ் நிவி. பலகாரம் சுட்ட கையோட போனோம். உங்க தாத்தாகிட்ட சாமி படம்னு சொல்லிட்டு

சித்தப்பா: சாமி படமா 😂 அதான் இடைவேளையில என்னைப் பாத்து மூஞ்சிய மறைச்சியா

மல்லிகா அத்தை: நீயும்தானே டியூசன்னு சொல்லிட்டு வந்திருந்த

சித்தப்பா: சரி சரி, பசங்க இருக்காங்க. ஆனா எனக்கு அன்னைக்கு படம் பிடிக்கலை, உள்ளதைச் சொல்றேன். தளபதி, ரோஜான்னு வரிசையா பாத்துட்டு அதே நெனப்புல போய் உக்காந்தோம். இங்க பாத்தா ரெண்டு சில்லறைத் திருடனுங்க, கல்யாணம் வேண்டாம்னு ஓடி வந்த ஒரு பொண்ணு, லண்டன்ல ஒரு வில்லன். எதுக்கும் ஒரு கனம் இல்லை. "மணிரத்னம் என்ன இப்படி எடுத்துட்டார்"னு பேசிக்கிட்டே சைக்கிளை மிதிச்சோம்

கார்த்தி: சித்தப்பா அதுதானே மாமா படத்தோட பாயிண்டே. ச்சே, மாத்திச் சொல்லிட்டேன். மாமா, அதுதானே படத்தோட பாயிண்டே

சித்தப்பா: என்னை எப்படி வேணா கூப்பிடு, பாயிண்ட்டைச் சொல்லு

கார்த்தி: கனம் வேணும்னா பம்பாய் இருக்கு. இது விளையாட்டு. ராம் கோபால் வர்மாவும் சேர்ந்து எழுதினது. வர்மாவோட "காயம்" தெலுங்குப் படத்துக்கு மணிரத்னம் கதை கொடுத்தார், இதுக்கு வர்மா வந்து உக்காந்தார். ரெண்டு பேருமே ஜாலியா இருந்த நேரம்னு படத்துலயே தெரியுது

சித்தப்பா: இப்பப் பாத்தா எனக்கும் பிடிக்குது, அது வேற விசயம். பி.சி.ஸ்ரீராம் கேமரா. ராத்திரி சீன் எல்லாம் பின்னாடியிருந்து லைட் அடிச்சு, புகையைப் போட்டு... அன்னைக்கு அதெல்லாம் யாருக்குக் கண்ணுல பட்டுச்சு

சித்தி: எனக்குப் படத்துல ஒரே குறை. எஸ்.பி.பி.யை சி.பி.ஐ. ஆபீசரா போட்டு படம் முழுக்க ஓட விட்டுட்டு, ஒரு பாட்டு கூடப் பாட விடலை. இதெல்லாம் நியாயமா?

மல்லிகா அத்தை: அண்ணி, அதையே நான் முப்பது வருசமா கேக்கறேன்

நிவேதா: ஆனா அவர்தான் எனக்குப் பிடிச்ச கேரக்டர். திருடனுங்களை விட அவருக்குத்தான் இந்தத் துரத்தல்ல குஷி அதிகம் போல இருக்கு. முறைக்கறப்பக் கூட முகத்துல ஒரு சிரிப்பு ஒட்டிக்கிட்டு இருக்கு

பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். இப்பத்தான் பாத்தேன். படத்துல எவ்வளவு பணம் கொள்ளை போகுதுன்னு யாருக்காவது ஞாபகம் இருக்கா?

நிவேதா: 1000 கோடி பெரியப்பா. ரயில்ல இருந்து, கண்டெய்னரோட

பெரியப்பா: எடை எவ்வளவு இருக்கும்?

சித்தப்பா: போச்சு. ஆரம்பிச்சுட்டார்

பெரியப்பா: விளையாட்டுக்குச் சொல்லலை. நான் பேங்க்ல கரன்சி செஸ்ட்ல இருந்தவன், ரிசர்வ் பேங்க் நோட்டை அடுக்கி வைக்கிற இடம். 1993ல ஆயிரம் ரூபாய் நோட்டே கிடையாது. 78ல ஒழிச்சது, மறுபடி 2000ல்தான் வந்துச்சு. அப்போ பெரிய நோட்டு 500தான். 1000 கோடியும் 500 நோட்டாவே இருக்குன்னு வை. 2 கோடி நோட்டு. நூறு நோட்டு ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல். ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம், ஒரு பண்டல் ஏறக்குறைய ஒரு கிலோ. 20,000 பண்டல். ஆக 20 டன்

கார்த்தி: 😳

பெரியப்பா: நூறு ரூபாய் நோட்டா இருந்தா 100 டன். ஒரு கண்டெய்னர்ல அடங்காது. அதுவும் புது நோட்டு வழவழன்னு வழுக்கும். அஞ்சு பண்டலை மார்போட அணைச்சுக்கிட்டு ஸ்ட்ராங் ரூம்ல நாலு எட்டு வைங்க, நடுவுல இருக்கிறது நழுவும். நான் ரிட்டயர் ஆகற வரைக்கும் முதுகு வலிக்கு தைலம் தேய்ச்சவன். அந்தப் படத்துல பணத்துக்கு எடையே இல்லைங்கறது என் அபிப்பிராயம்

மல்லிகா அத்தை: அண்ணா, எடை இல்லாததுனாலதான் சிரிக்க முடியுது. முதுகு வலியோட திருடினா அது என்ன படம்

கார்த்தி: பெரிய மாமா, அப்ப நிஜத்துல ரயில்ல இருந்து எடுக்கவே முடியாதா?

பெரியப்பா: ஏன், நம்ம ஊர் ரயில்லயே எடுத்தாங்களே. 2016 ஆகஸ்ட் மறந்துட்டீங்களா?

சித்தி: ஆமா! சேலம் எக்ஸ்பிரஸ்! நாங்க அதுக்கு முந்தின வாரம்தான் அதே வண்டில எழும்பூர் போனோம்

அப்பு: என்ன கதை இது? நான் அப்போ சின்னப் பையன்

பெரியப்பா: கதை இல்லை அப்பு. சேலத்துல இருந்து சென்னை ரிசர்வ் பேங்குக்கு 342 கோடி போச்சு. எல்லாம் கிழிஞ்ச, அழுக்கு நோட்டு. நாங்க சாயில்டுன்னு சொல்லுவோம். வங்கிகள்ல சேர்ந்ததைத் திருப்பி அனுப்பறது. துப்பாக்கியோட போலீஸ் பக்கத்துப் பெட்டியில. காலையில எழும்பூர்ல கதவைத் திறந்தா கூரையில ஆள் இறங்கற அளவுக்கு ஓட்டை

பெரியப்பா: சேலத்துல இருந்து விருத்தாசலம் வரைக்கும் அப்போ டீசல் இன்ஜின். மேல கரண்டு கம்பி கிடையாது. அதனால கூரையில தைரியமா உக்காந்து அறுத்திருக்கான். விருத்தாசலம் தாண்டினா கம்பி. அதுக்குள்ள வேலையை முடிச்சாகணும்

நிவேதா: ஐயோ, படத்தை விட இது நல்லா இருக்கே

பெரியப்பா: எவ்வளவு எடுத்தான்னு கேளு. 342 கோடியில 5 கோடியே 78 லட்சம்

கார்த்தி: அவ்வளவுதானா!

பெரியப்பா: அதைத்தான் அப்ப இருந்து சொல்லிட்டு இருக்கேன். ஓடற வண்டியில, அந்த ஓட்டை வழியா வேற எவ்வளவு தூக்க முடியும்? இதுக்கே முதுகு போயிருக்கும்

சித்தப்பா: இதுல பெரிய காமெடி அடுத்து வருது. மூணே மாசம். நவம்பர் 8 ராத்திரி எட்டு மணி 😂

சித்தி: செல்லாது!

பெரியப்பா: ஆமா. செலவு பண்ணாம வச்சிருந்த 500ம் 1000மும் வீணாப் போச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. ஆளுங்க சிக்கினது 2018ல். மத்தியப் பிரதேசத்து கும்பல்

அப்பு: இதையே படமா எடுக்கலாமே பெரியப்பா

பெரியப்பா: எடுத்தா நான் பாக்க மாட்டேன். மறுநாள் செஸ்ட்ல இருந்த ஒவ்வொரு பையனையும் போலீஸ் கூப்பிட்டு விசாரிச்சுது. ஒருத்தனுக்கும் ராத்திரி தூக்கம் இல்லை. நான் அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியே ரிட்டயர் ஆனவன், எனக்கே வயித்தைக் கலக்குச்சு

மல்லிகா அத்தை: அது சரிண்ணா. ஆனா படத்துல யாரு வயிறும் எரியறதில்லை. கவர்மெண்டு காசு, ஏழை எளியவன் காசு இல்லை. அதனால பசங்க ஜெயிக்கட்டும்னு தோணுது

பெரியப்பா: கவர்மெண்டு காசுன்னா யாரு காசு மல்லிகா?

மல்லிகா அத்தை: பாத்தியா நிவி, சினிமா பாக்கறப்பவும் கணக்கு நோட்டு

மல்லிகா அத்தை: 🎤 குரல் செய்தி 0:41

நிவேதா: அத்தை "ராசாத்தி" பாடியிருக்காங்க!! எல்லாரும் கேளுங்க

சித்தி: அண்ணி, அழகு. அந்தப் பாட்டுல ஒரு வாத்தியம் கூடக் கிடையாது தெரியுமா? சாகுல் ஹமீது பாடுவார், பின்னால வெறும் குரலுங்கதான். ஒரு கலகலப்புப் படத்துக்கு நடுவுல இப்படி ஒரு பாட்டை வைக்க ரஹ்மானுக்குத் தைரியம் வேணும்

கார்த்தி: எனக்கு "கொஞ்சம் நிலவு"தான். அனுபமா பாடினது. அனு அகர்வால் வந்து நின்னாலே ஸ்கிரீன் மாறிடுது

சித்தப்பா: "தீ தீ" டான்ஸுக்கு சுந்தரம் மாஸ்டருக்கு தேசிய விருது கிடைச்சுது. பிரபுதேவாவோட அப்பா. நான் அன்னைக்கு திட்டின படத்துக்கு டெல்லியில விருது, என்ன சொல்ல

நிவேதா: "வீரபாண்டி கோட்டையிலே" கேட்டப்போ ஒண்ணு தோணுச்சு. ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. பாட்டுலயும் மனோ, உன்னிமேனன், சித்ரா. யாரு யாரை விரும்பறாங்கன்னு டயலாக் சொல்ல வேண்டியதைப் பாட்டே பாத்துக்குது. எனக்குப் பணத்தை விட அந்த மூணு பேர் கதைதான் ஒட்டுச்சு

கார்த்தி: எனக்கு அதுதான் இழுவை. கண்டெய்னர் எங்கேன்னு மண்டை காய்ஞ்சுட்டு இருக்கறப்ப லவ்வு எதுக்கு

சித்தி: உனக்குக் கல்யாணம் ஆகட்டும், அப்பறம் பேசலாம்

அப்பு: நான் போய் மிச்சத்தைப் பாக்கறேன். இனிமே லாரி வர்றப்பல்லாம் 20 டன்னு தான் ஞாபகம் வரும். நன்றி பெரியப்பா 🙏

பெரியப்பா: டயரைக் கவனி. எவ்வளவு அமுங்குதுன்னு பாத்துச் சொல்லு

அப்பு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தப்பா: என்னடா எழுதி அழிச்ச 😂

கார்த்தி: அடுத்த ஞாயிறு எல்லாரும் ஒண்ணா பாக்கற மாதிரி ஒரு திருட்டுப் படம் சொல்லுங்க. வீட்டுல அடிதடி இல்லாததா

சித்தி: நம்ம ஊர் படமே இருக்கே. மாடர்ன் தியேட்டர்ஸ் "அலிபாபாவும் 40 திருடர்களும்". 1956. எம்.ஜி.ஆர்., பானுமதி. தமிழ்ல வந்த முதல் முழுநீளக் கலர் படம், ஏற்காடு ரோட்டுல எடுத்தது. நாப்பது பேர் திருடினா யாருக்கும் முதுகு வலிக்காது

பெரியப்பா: நல்ல படம். ஆனா அதுல தங்கம். தங்கம் நோட்டை விட கனம். ஒரு மூட்டை தங்கத்தை ஒரு கழுதை எப்படி

மல்லிகா அத்தை: அண்ணா, படம் எங்க வீட்டுலதான் போடறோம். கால்குலேட்டர் கொண்டு வந்தா வாசல்லயே வாங்கி வச்சுக்குவேன்

பெரியப்பா: மனக்கணக்குதான்மா